9 லட்சம் சிடிசி-ல கைக்கு எவ்வளவு வரும்? ஒரு சமன்பாடு, மூன்று தெரியாத எண்கள்



புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருந்து ஒரு தம்பி நம்ம சேனலில் கேட்ட கேள்வி இது: "அண்ணா, ரெண்டு ஆஃபர் வந்திருக்கு. ரெண்டுமே சென்னை ஓஎம்ஆர்-ல. முதல் கம்பெனி 9 லட்சம், இரண்டாவது 8.4 லட்சம். 9 லட்சத்துக்கே போயிடலாம்தானே?"

அவசரப்படாதீங்க. பதில் சொல்ல ஒன்பதாம் வகுப்பு கணக்கு ஒன்று தேவைப்படுது.

முதலில் ஒரு டீ, ஒரு வடை

ஒரு டீயும் ஒரு வடையும் சேர்த்து 25 ரூபாய். டீ விலை என்ன? 10 ரூபாயும் இருக்கலாம், 12-ம் இருக்கலாம். தெரியாதது இரண்டு, தகவல் ஒன்றுதான். அதனால் ஒரே விடை கிடைக்காது.

பக்கத்து டேபிள்காரர் இரண்டு டீ, ஒரு வடைக்கு 40 ரூபாய் கொடுக்கிறார். இப்போ தெரிஞ்சுடுச்சு: கூடுதல் டீ 15 ரூபாய், அப்போ வடை 10.

அவரே இரண்டு டீ, இரண்டு வடைக்கு 50 ரூபாய் கொடுத்திருந்தால்? பிரயோஜனம் இல்லை. அது பழைய தகவலே, இரண்டால் பெருக்கி வந்திருக்கு. எத்தனை தெரியாத எண்களோ, அத்தனை புதிய தகவல் வேண்டும். இதுதான் விதி.

சிடிசி-யும் அப்படித்தான்

சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. உங்க சம்பளம் அதில் ஒரு பகுதிதான். பெரும்பாலான ஆஃபர்களில் அது இப்படிப் பிரியும்:

பேசிக் + அலவன்ஸ் + வேரியபிள் + கம்பெனி தரும் பிஎஃப் + கிராஜுவிட்டி = 9,00,000

பார்க்க ஐந்து தெரியாத எண்கள். ஆனா பிஎஃப் முழு பேசிக்கில் 12% என்றால், அது பேசிக்கைப் பிடிச்சுத் தொங்குது. கிராஜுவிட்டியும் அப்படித்தான்: ஒரு வருட சேவைக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு. அதாவது பேசிக்கில் சுமார் 4.81%. ஆக உண்மையில் தெரியாதது மூன்று: பேசிக், அலவன்ஸ், வேரியபிள். கையில் இருக்கும் சமன்பாடோ ஒன்று.

"மாசம் 75,000 வருது" என்று ஹெச்ஆர் சொன்னால் சந்தோஷப்படாதீங்க. அது 9 லட்சத்தை 12-ஆல் வகுத்தது. அதே இரண்டு டீ, இரண்டு வடை கதைதான். புதிய தகவல் எதுவும் இல்லை.

இன்னும் இரண்டு சமன்பாடு கேளுங்க

முதல் கம்பெனியிடம் கேட்டதும் கிடைத்த பதில்: பேசிக் சிடிசி-யில் 50%, வேரியபிள் 10%, பிஎஃப் முழு பேசிக்குக்கும். இப்போ தீர்க்கலாம்:

- பேசிக்: 4,50,000
- வேரியபிள்: 90,000
- கம்பெனி பிஎஃப்: 54,000
- கிராஜுவிட்டி: 21,645
- மீதி அலவன்ஸ்: 2,84,355

பேசிக்கும் அலவன்ஸும் சேர்த்து 7,34,355. இதில் உங்க பங்கு பிஎஃப் 54,000 போனால் 6,80,355. மாதம் சுமார் 56,696 ரூபாய். 75,000 இல்லை!

இரண்டாவது கம்பெனி: 8.4 லட்சம், பேசிக் 50%, வேரியபிள் கிடையாது. பிஎஃப் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும், அதாவது மாதம் 1,800.

- பேசிக்: 4,20,000
- கம்பெனி பிஎஃப்: 21,600
- கிராஜுவிட்டி: 20,202
- மீதி அலவன்ஸ்: 3,78,198

பேசிக்கும் அலவன்ஸும் 7,98,198. உங்க பிஎஃப் 21,600 கழித்தால் 7,76,598. மாதம் சுமார் 64,716 ரூபாய்.

2025-26 புதிய வரி முறையில் இரண்டுக்குமே வருமான வரி பூஜ்யம். தொழில் வரி மாதிரி சின்னப் பிடித்தங்களை இங்கே சேர்க்கலை.

சிடிசி 60,000 குறைவு, ஆனா கைக்கு மாதம் 8,020 ரூபாய் அதிகம்!

அப்போ இரண்டாவதுதான் பெஸ்ட்டா?

இருங்க. பிஎஃப் எங்கேயும் தொலைஞ்சு போகலை, அது உங்க பணம். இரு பங்கையும் சேர்த்தால் முதல் கம்பெனியில் வருடம் 1,08,000, இரண்டாவதில் 43,200. கைக்கு வருவதோடு கூட்டிப் பாருங்க:

- முதல் கம்பெனி: 7,88,355 + வேரியபிள்
- இரண்டாவது: 8,19,798

வித்தியாசம் 31,443. மொத்த வேரியபிள் 90,000. அதில் சுமார் 35% வந்தாலே இரண்டும் சமம். அதற்கு மேல் வந்தால் மொத்தக் கணக்கில் முதல் கம்பெனி ஜெயிக்கும். கிராஜுவிட்டியை நான் இதில் சேர்க்கலை. நிரந்தர வேலையில் பொதுவாக ஐந்து வருடம் முடிச்சாதான் அது கைக்கு வரும்.

இப்போ தம்பி ஹெச்ஆர்-கிட்ட கேட்க வேண்டிய கேள்வி தெளிவாயிடுச்சு: "போன வருஷம் இந்த டீமுக்கு வேரியபிள் எத்தனை சதவீதம் வந்துச்சு?" தொடர்ந்து 70, 80% வருதுன்னா முதல் கம்பெனி. பதில் மழுப்பலா இருந்தா இரண்டாவது.

ஒரு விஷயம் மறக்காதீங்க. புதுச்சேரி வீட்டை விட்டு சென்னை போனால் வாடகை, அட்வான்ஸ், சாப்பாடு எல்லாமே மாத வருமானத்தில்தான் ஓடணும். வேரியபிளும் பிஎஃப்-ம் வாடகை கட்டாது. வீட்டுக்கு மாசாமாசம் பணம் அனுப்பணும், கல்விக் கடன் இஎம்ஐ இருக்குன்னா, அந்த 8,020 ரூபாய்க்கு மதிப்பு அதிகம்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய ஐந்து

1. பேசிக் எத்தனை சதவீதம்?
2. வேரியபிள் எவ்வளவு, எப்போ தருவீங்க, போன வருஷம் எவ்வளவு தந்தீங்க?
3. பிஎஃப் முழு பேசிக்குக்கா, உச்சவரம்புக்கு மட்டுமா?
4. கிராஜுவிட்டியும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் சிடிசி-க்கு உள்ளேயா, வெளியேயா?
5. ஜாயினிங் போனஸும் சிடிசி-யில் சேர்ந்திருக்கா? ஆமான்னா அது அடுத்த வருஷம் வராது.

பதில்களை மின்னஞ்சலில் வாங்கி வெச்சுக்கோங்க. வண்டி இஎம்ஐ-யோ வாடகை ஒப்பந்தமோ, கைக்கு வரும் தொகையை வெச்சு மட்டும் முடிவு பண்ணுங்க. உங்க ஆஃபரின் பிரிவை கமெண்ட்ல போடுங்க. கம்பெனி பேர் வேண்டாம், எண்கள் மட்டும் போதும்.