அந்த இணைப்பு யார் வீட்டுடையது?

விமான டிக்கெட் விலைகளை ஒப்பிட்டுச் சொல்லும் நிறுவனம் ஒரே கணினியிலிருந்து ஆயிரக்கணக்கான முறை ஒரு தளத்தைத் திறந்தால், தளம் கதவைச் சாத்திவிடும். டேட்டா சென்டர் ஐபி முகவரியை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். அதனால்தான் ரெசிடென்ஷியல் ப்ராக்ஸியை நாடுகிறார்கள். கோரிக்கை யாரோ ஒருவரின் வீட்டு இணைப்பு வழியாகப் போவதால், தளத்துக்குக் கேட்பவர் சாதாரண வாடிக்கையாளராகத் தெரிவார்.

இதற்குப் பெரும்பாலும் ஜிபி கணக்கில்தான் பணம். ஒரு சேவை ஜிபிக்கு 3 டாலர், இன்னொன்று 5 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் 2 எம்பி என்றால் ஒரு ஜிபிக்கு 500 முறை கேட்கலாம். தோற்ற கோரிக்கையும் அதே அளவு டேட்டாவைத் தின்றால், பாதி மட்டும் தேறும் முதல் சேவையில் ஒரு பக்கத்துக்கு 1.2 சென்ட் ஆகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு தேறும் இரண்டாவதில் 1.1 சென்ட்தான். ஆகவே சின்ன பேக் ஒன்றை வாங்கி, உங்களுக்கு வேண்டிய தளத்திலேயே ஓட்டிப் பாருங்கள். படங்கள் இறங்காமல் தடுத்தாலே செலவு நன்றாகக் குறையும்.

மறுமுனையில் இருப்பது ஒரு வீட்டு ரவுட்டர். தூங்கப் போகுமுன் வீட்டுக்காரர் அதை அணைத்துவிட்டால் உங்கள் வேலையும் பாதியில் நிற்கும். கோடிக்கணக்கில் முகவரி உண்டு என்ற விளம்பரத்தை விட, உங்களுக்கு வேண்டிய ஊரில், வேண்டிய நேரத்தில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, ஒரே முகவரி எத்தனை நிமிடம் நிலைக்கும் என்பதே முக்கியம்.

அந்த வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியுமா? 911 எஸ்5 என்ற ப்ராக்ஸி சேவையின் முகவரிகள், மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச விபிஎன்களை நிறுவியவர்களின் கணினிகளிலிருந்து அவர்கள் அறியாமலே எடுக்கப்பட்டவை. ஏறக்குறைய 200 நாடுகளில் 1.9 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள். அவற்றின் வழியே அமெரிக்காவின் கொரோனா நிவாரணப் பணம் வரை மோசடி நடந்தது. போலீஸ் தேடிப்போகும் முகவரியோ ஒன்றும் அறியாதவருடையது. 2022 ஜூலையில் சேவை திடீரென மூடப்பட்டது. பின்னர் வேறு பெயரில் தலைதூக்கியது. அதை நடத்தியதாக யுன்ஹே வாங் என்பவர் 2024 மே மாதம் கைதானார். திருட்டு இணைப்பை நம்பித் தொழில் நடத்தியவர்கள் 2022இலேயே நடுத்தெருவில் நின்றார்கள்.

எனவே விற்பவரிடம் விலைக்கு முன்பே இதைக் கேளுங்கள்: எந்தச் செயலி மூலம் இணைப்புகளைப் பெறுகிறீர்கள், வீட்டுக்காரர் சம்மதம் தரும் திரை எங்கே? அதைக் காட்டத் தயங்குபவரிடம் ஜிபி ஒரு டாலருக்குக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.