கிராஃபிக்ஸ் கார்டு யார் கையில்?

ஒரு கணினிக்குள் இன்னொரு டெஸ்க்டாப்பைத் திறப்பது இன்று எளிது. அங்கே பிளெண்டர் என்ற வரைகலை மென்பொருளைத் திறந்து ஒரு முப்பரிமாண மாதிரியைச் சுழற்றும்போதுதான் சோதனை தொடங்குகிறது. கிராஃபிக்ஸ் கார்டு எட்டவில்லை என்றால் வரையும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். விசிறி இரையும், படம் விட்டுவிட்டு நகரும். கார்டை உள்ளே கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு: கண்டெய்னர், விர்ச்சுவல் மெஷின். எது வேகம் என்றே பலரும் கேட்கிறார்கள். உள்ளே ஓடப்போகும் மென்பொருளை எவ்வளவு நம்புகிறோம் என்ற கேள்வியை அதற்கு முன்னால் கேட்டாக வேண்டும்.

லினக்ஸில் கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டு பகுதிகளாக இருக்கும். ஒன்று இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருந்து கார்டை இயக்கும். மற்றது மெசா போன்ற ஒரு நூலகம். அது ஒவ்வொரு செயலியோடும் சேர்ந்து ஓடும். கண்டெய்னருக்குத் தனிக் கெர்னல் கிடையாது, அது ஓடும் தாய்க் கணினியின் கெர்னலே அதற்கும் கெர்னல். ஆகவே கார்டின் சாதனக் கோப்பை உள்ளே காட்டி, நூலகத்தையும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. இதை எளிதாக்கியது 'ரெண்டர் நோடு' என்ற ஏற்பாடு. 2013-இல் லினக்ஸ் 3.12-இல் சோதனை வடிவில் வந்த இது, 2014-இல் வந்த 3.17-லிருந்து எல்லாருக்கும் இயல்பாகக் கிடைத்தது. திரையை ஆளும் உரிமையைக் கொடுக்காமல், வரையவும் கணக்கிடவும் மட்டும் கார்டைத் திறந்துவிடும். வேக இழப்பு ஏறக்குறைய இல்லை. ஒரே கார்டைப் பல கண்டெய்னர்கள் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ளலாம்.

என்விடியாவின் டிரைவரில் மட்டும் ஒரு கண்டிப்பு உண்டு. நூலகத்தின் பதிப்பு எண்ணும் கெர்னல் பகுதியின் பதிப்பு எண்ணும் அப்படியே பொருந்த வேண்டும். நூலகத்தைக் கண்டெய்னருக்குள் நிரந்தரமாக வைத்துக் கட்டினால், தாய்க் கணினியின் டிரைவரைப் புதுப்பித்த அன்றே அது படுத்துவிடும். அதனால்தான் என்விடியாவின் கண்டெய்னர் டூல்கிட், தாய்க் கணினியில் இருக்கும் நூலகத்தையே ஒவ்வொரு முறையும் உள்ளே செருகுகிறது. ஏஎம்டி, இன்டெல் கார்டுகளில் மெசா இவ்வளவு கறார் காட்டுவதில்லை.

விர்ச்சுவல் மெஷினின் கதை வேறு. அதற்குச் சொந்தக் கெர்னல் உண்டு, ஆனால் கார்டு அதன் கண்ணில் படாது. முழுக் கார்டையும் ஒப்படைத்துவிடுவது ஒரு வழி. 2012-இல் லினக்ஸ் 3.6-இல் சேர்ந்த விஎஃப்ஐஓ இதற்கு உதவுகிறது. விர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியே கார்டு கைவைக்காதபடி ஐஓஎம்எம்யு என்ற வன்பொருள் காவல் காக்கும். வேகம் நேரடியாக ஓடுவதற்கு மிக அருகில் இருக்கும். ஆனால் அந்தக் கார்டு தாய்க் கணினிக்கு இனி இல்லை. திரையைக் காட்ட இன்னொன்று வேண்டும். மதர்போர்டு பல சாதனங்களை ஒரே ஐஓஎம்எம்யு குழுவில் சேர்த்திருந்தால், அவை அத்தனையும் சேர்ந்தே போயாக வேண்டும். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டு வைத்திருந்தவர்கள் இன்னொரு தொல்லையையும் பட்டார்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருப்பதைக் கண்டுகொண்டால் விண்டோஸ் டிரைவர் 43-ஆம் எண் பிழையைக் காட்டி நின்றுவிடும். 2021-இல், 465 வரிசை டிரைவரில்தான் என்விடியா அந்தத் தடையை நீக்கியது.

கார்டைப் பங்கு போடும் நுட்பமும் இருக்கிறது. அது பெரும்பாலும் டேட்டா சென்டர் கார்டுகளுக்கு உரியது. என்விடியாவில் தனி உரிமக் கட்டணமும் உண்டு. சாதாரண மடிக்கணினிகளுக்கும் எட்டும்படி இருந்த இன்டெலின் ஜிவிடி-ஜி, புதிய சிப்களுக்குத் தொடரவில்லை. வருத்தமான இழப்பு. மிஞ்சுவது விர்டியோ-ஜிபியு. உள்ளிருக்கும் செயலியின் வரைகலைக் கட்டளைகளை வெளியே கடத்தி, தாய்க் கணினியின் கார்டில் வரையச் செய்வது இது. டெஸ்க்டாப்புக்கும் உலாவிக்கும் போதும். கனமான கேட் (CAD) மென்பொருளுக்குப் பின்னடைவு தெரியும்.

வேகத்தில் இப்படிக் கண்டெய்னர் முந்துவதற்குக் காரணம் பகிரப்பட்ட கெர்னல். ஆபத்தும் அதே இடத்தில்தான். கிராஃபிக்ஸ் டிரைவர் பெரிய, சிக்கலான நிரல். அதில் ஒரு ஓட்டை இருந்தால் உள்ளிருக்கும் செயலி தாய்க் கணினிவரை வந்துவிடலாம். என்விடியாவின் டூல்கிட்டிலும் ஓட்டை வரும். 2024 செப்டம்பரில் வெளியான சிவிஇ-2024-0132 என்ற ஓட்டை அப்படிப்பட்டது: தீய நோக்கோடு கட்டிய ஒரு கண்டெய்னர் இமேஜை ஓடவிட்டாலே தாய்க் கணினியின் கோப்புகள் திறந்துகொள்ளும் நிலை இருந்தது. தீவிரம் 10-க்கு 9.0 என மதிப்பிடப்பட்டது. கூகுள் 2018-இல் குரோம்புக்கில் லினக்ஸ் செயலிகளை அனுமதித்தபோது, முதலில் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதற்குள் கண்டெய்னர் என்று இரண்டு அடுக்குகள் வைத்தது இத்தகைய அச்சத்தால்தான்.

விண்டோஸ் மென்பொருள் முழுமையாக ஓட வேண்டுமா, முகம் தெரியாதவர்கள் ஒரே சர்வரில் வேலை செய்யப்போகிறார்களா, விர்ச்சுவல் மெஷின்தான். உங்கள் கணினியில் நீங்கள் நம்பும் லினக்ஸ் மென்பொருளுக்கு, கண்டெய்னரைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் கார்டு தெரியவில்லை என்றதும் 'பிரிவிலெஜ்ட்' முறையில் ஓடவிடச் சொல்லும் வழிகாட்டிகளைப் பின்பற்றாதீர்கள். அது தாய்க் கணினியின் எல்லாச் சாதனங்களையும் உள்ளே திறந்துவிடும். ஏஎம்டி, இன்டெல் கார்டுகளில் ரெண்டர் நோடை மட்டும் கொடுத்து, பயனரை ரெண்டர் குழுவில் சேர்த்தால் போதும். திரையைப் பகிரும்போதும் கவனம் தேவை. திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய ஏற்பாடான எக்ஸ்11-இன் இணைப்பை உள்ளே கொடுத்தால், கண்டெய்னரில் ஓடும் செயலி அதே திரையில் மற்ற ஜன்னல்களில் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைக்கூடக் கவனிக்க முடியும். அதற்கு மாற்றாக வந்த வேலேண்ட், செயலிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. முடிந்த இடத்தில் எல்லாம் அந்த இணைப்பையே கொடுங்கள்.