வீட்டுப் பட்டியல் வாசிக்கும் நாள்

விருதுநகர் மாவட்டத்தில் பயராபீஸ் எனப்படும் பட்டாசு ஆலை வேலைக்குப் போகும் குடும்பங்களில் இன்னமும் ஓலைக் கூரைக்குக் கீழே படுப்பவர்கள் இருக்கிறார்கள். பகலெல்லாம் ஒரு பொறிக்குப் பயந்து வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள். ராத்திரி பிள்ளைகளோடு தூங்குவதோ ஒரு தீக்குச்சி பட்டாலே பற்றிக்கொள்ளும் கூரைக்குக் கீழே. இவர்களுக்காகவே மத்திய அரசும் மாநில அரசும் வீட்டுத் திட்டங்கள் போட்டிருக்கின்றன, பணமும் ஒதுக்குகின்றன. ஆனாலும் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி பக்கத்து ஊர்களில் “நமக்கெல்லாம் யார் சார் தருவா?” என்ற கேள்விதான் கேட்கிறது. வீடு யாருக்கு என்று சென்னையிலோ டெல்லியிலோ முடிவாவதில்லை. ஊர் மந்தையிலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ நடக்கும் கிராம சபைக் கூட்டத்தில் வாசிக்கப்படும் பட்டியலில்தான் அது முடிவாகிறது. அந்தக் கூட்டத்துக்கு யாருக்கு வீடு வேண்டுமோ அவர்களே போவதில்லை.

முதலில் என்ன உரிமை இருக்கிறது என்று பார்ப்போம். 2024-25 மாநில பட்ஜெட்டில் ‘கலைஞரின் கனவு இல்லம்’ அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் வீடுகள் கட்டிக் குடிசைகளே இல்லாமல் செய்வது இலக்கு. முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம், ஓலையோ ஆஸ்பெஸ்டாஸோ கூடாது. நம் வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிபந்தனை கிடையாது. இப்போது குடிசையில் குடியிருக்க வேண்டும், இடத்துக்குப் பட்டா இருக்க வேண்டும் என்பவை முக்கியத் தகுதிகள்.

இன்னொன்று 2016-இல் தொடங்கிய பிரதமர் வீடு கட்டும் திட்டத்தின் ஊரகப் பிரிவு. சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். தளம் போடுவதற்குத் தமிழ்நாடு அரசு தன் பங்காகக் கூடுதல் தொகை தருகிறது. இதற்கு முதலில் அடிப்படையாக வைத்தது 2011 சமூக பொருளாதாரக் கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிள்ளைகளின் பெயர் அதில் எப்படி இருக்கும்? அதனால்தான் 2018-இல் விடுபட்டவர்களுக்கு ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 2024-இல் மறுபடியும் ஒன்று வந்தது. அப்போது தகுதி விதிகளையும் தளர்த்தினார்கள். டூவீலர் வைத்திருந்தாலோ வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தாலோ தகுதியில்லை என்ற பழைய விதி போய்விட்டது. மாத வருமான வரம்பு 10,000 ரூபாயிலிருந்து 15,000 ஆனது. இது தெரியாமல், வாசலில் ஒரு எக்செல் வண்டி நிற்பதால் நமக்கு வீடு கிடைக்காது என்று பேசாமல் இருப்பவர்கள் உண்டு. அப்படி யாராவது உங்களைத் தட்டிக் கழித்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்தத் திட்டங்களில் பயனாளிகள் பட்டியலுக்குக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும். இது ஊராட்சித் தலைவரோ அதிகாரியோ மனமிரங்கித் தரும் சலுகையில்லை. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊரின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். மாவட்டத்தின் 450 ஊராட்சிகளிலும் வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஏழு நாளுக்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டும்.

இந்த ஆறு நாட்களில் நான்கு நாட்கள் தேசிய விடுமுறைப் பட்டியலில் வருபவை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் சொல்கிறது. பயராபீஸும் தீப்பெட்டி ஆபீஸும் இதில் அடக்கம். ஆனால் அக்டோபர் 2 என்பது தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி நேரம். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அன்றைக்கு ஆலை வேன் வந்து ஹாரன் அடித்தால் ஏறாமல் இருக்க மனசு வராது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். வருஷத்தில் கை நிறையக் காசு பார்ப்பதே அந்தச் சில வாரங்கள்தான். ஆனால் அன்றைய கூலி போனால் சில நூறு ரூபாய், பட்டியலில் பெயர் போனால் மூன்றரை லட்சம். வீட்டில் ஒருவராவது கூட்டத்தில் உட்கார வேண்டும்.

உட்கார்ந்தால் மட்டும் போதாது. பல ஊர்களில் நடப்பது இதுதான்: கூட்டம் தொடங்கும்போதே வருகைப் பதிவுக்கென்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தண்ணீர், தெருவிளக்கு என்று பேச்சு ஓடும். வீட்டுப் பட்டியல் வரும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். “பட்டியல் அங்கீகரிக்கப்பட்டது” என்ற வரி, கூட்டம் கலைந்தபின் ஆபீஸில் வைத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். முன்னால் வாங்கிய உங்கள் கையெழுத்துதான் அதற்குச் சாட்சி.

ஆகவே மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பட்டியலை ஒவ்வொரு பெயராக, தகப்பனார் அல்லது கணவர் பெயரோடும் தெருவோடும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மாடி வீடு வைத்திருப்பவர் பெயர் வந்தால் அந்த இடத்திலேயே ஆட்சேபம் சொல்லி, அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க விடவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்துத் தீர்மான நகலையும் பட்டியலையும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒருவராகப் போய்க் கேட்டால் கிளார்க்கும் சங்கடப்படுவார், நீங்களும் சங்கடப்படுவீர்கள். தெருவாகச் சேர்ந்து, மகளிர் குழுவாகச் சேர்ந்து போனால் யாருக்கும் முகச்சுளிப்பு வராது.

விருதுநகர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லையென்றால் கிராம சபையும் இல்லையென்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சபை உண்டு. தட்டிக் கேட்க ஊர்க்காரர் ஒருவர் நாற்காலியில் இல்லாத காலத்தில் சபையில் ஆள் இருப்பது முன்னைவிட அவசியம்.

அடுத்தது பட்டா. உண்மையில் அதிகம் பேர் விழுவது இங்கேதான். தலைமுறையாகக் குடியிருக்கும் இடம் கண்மாய்ப் புறம்போக்காகவோ ஓடைப் புறம்போக்காகவோ கணக்கில் இருக்கும். அதற்குப் பட்டா கிடைப்பது கடினம். மாற்று இடம் கேட்பதே வழி. நத்தம் புறம்போக்கு என்றால் அப்படியில்லை, அது குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய நிலம். உங்கள் இடம் எந்த வகை என்று விஏஓவிடம் சர்வே எண்ணோடு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிலமற்றவர்களுக்குக் கிராமத்தில் 3 சென்ட் வரை இலவச வீட்டுமனைப் பட்டா தர வருவாய்த் துறையின் நிலை ஆணைகளில் இடம் இருக்கிறது. ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு அரசே தனியார் நிலத்தை எடுத்து மனையாகத் தருவதற்கு 1978-இல் இருந்தே தனிச் சட்டம் உண்டு.

பட்டா கையில் இருந்தும் மனை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். விழா மேடையில் காகிதம் கொடுத்திருப்பார்கள், சர்வேயர் வந்து அளந்து கல் ஊன்றியிருக்க மாட்டார். கிராமக் கணக்கிலும் பெயர் ஏறியிருக்காது. வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இது தெரியவரும். வருஷா வருஷம் தாலுகா ஆபீஸில் நடக்கும் ஜமாபந்தி இதற்கென்றே உள்ள இடம். “அளந்து, எல்லை காட்டி, கணக்கில் ஏற்றித் தர வேண்டும்” என்று மனுவில் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம், 1100 எண்ணிலும் சொல்லலாம். மனு எண் இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

பட்டா கிடைக்காத ஆத்திரத்தில், சீட்டுப் பணத்தைப் போட்டு “பஞ்சாயத்து அப்ரூவல்” மனை வாங்குபவர்கள் ஒருபக்கம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்புத் துறை. அந்த ஒப்புதல் இல்லாமல், ஊராட்சி ரசீதை மட்டும் காட்டி விற்கும் மனை அங்கீகாரமற்ற மனைதான். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் விற்றவற்றுக்கு மட்டும் பின்னர் வரன்முறைத் திட்டம் வந்தது. நம் வட்டாரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பக்கத்தில் பட்டாசு ஆலையோ குடோனோ இருக்கிறதா என்பது. எவ்வளவு வெடிபொருள் வைக்க அனுமதியோ அதற்கேற்ப குடியிருப்பிலிருந்து இவ்வளவு தூரம் விட வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது, காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டாரத்து மக்களும் இறந்தார்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று ஆலை வேலியை ஒட்டி மனை வாங்காதீர்கள். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் புது ஆலை வருவதாகத் தெரிந்தால், கலெக்டரின் தடையில்லாச் சான்று இல்லாமல் அதற்கு உரிமம் கிடைக்காது என்பதை நினைவில் வைத்து, அந்தக் கட்டத்திலேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

வேலை உத்தரவு வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்போம். பணம் மொத்தமாக வராது. பேஸ்மட்டம், லிண்டல், தளம், முழு வேலை என்று ஒவ்வொரு கட்டத்தையும் ஓவர்சியர் வந்து படம் எடுத்து ஏற்றிய பிறகே அந்தக் கட்டத்துக்கான பில் வரும். அதாவது அஸ்திவாரத்தை உங்கள் கைக்காசில் எழுப்ப வேண்டும். வாரக்கூலியில் வாழும் குடும்பத்திடம் ஏது அந்தக் காசு? வட்டிக்கு வாங்குகிறார்கள், ஆலையில் அட்வான்ஸ் வாங்குகிறார்கள். தீபாவளி முடிந்து ஆலை அடைத்திருக்கும் வாரங்களில் வட்டி மட்டும் ஓடும். அதைக் கட்ட வழியில்லாமல் வீட்டுக்குள் கருந்திரி செய்யவும் சரவெடி பின்னவும் சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். அரசு கட்டிக் கொடுத்த சுவருக்குள்ளேயே வெடிமருந்து வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையில் என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். வெடித்தால் போவது சுவர் மட்டுமா, அதற்குள் இருக்கும் பிள்ளைகளுமல்லவா? உயிர் தப்பினாலும் வெடிபொருள் சட்டங்களில் வழக்கு உண்டு. அரசு வீடு ஒரு குடும்பத்துக்கு ஒருமுறைதான், வெடித்துப் போனால் இன்னொன்று கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

அதனால் வேலை உத்தரவு வாங்கும்போதே முன்பணம் பற்றிப் பேசுங்கள். மகளிர் குழுக் கடனும் கூட்டுறவு வங்கிக் கடனும் கந்துவட்டியைவிட எத்தனையோ மேல். அநியாய வட்டி கேட்டு மிரட்டினால் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் போலீஸில் புகார் கொடுக்கலாம். பில் போட லஞ்சம் கேட்டால், கொடுப்பதற்கு முன்னால் லஞ்ச ஒழிப்புப் போலீசிடம் சொல்ல வேண்டும். கொடுத்துவிட்டுச் சொன்னால் நிரூபிப்பது கஷ்டம். வீடு ஒதுக்கியவர் ஆலை விபத்தில் இறந்துவிட்டால் வீடும் போய்விட்டதென்று அர்த்தமில்லை. இறப்புச் சான்றோடும் வாரிசுச் சான்றோடும் ஒன்றிய அலுவலகத்தில் பெயர் மாற்றம் கேளுங்கள். தொடக்கத்திலேயே உத்தரவைப் பெண் பெயரிலோ இருவர் பெயரிலோ வாங்கிவிடுவது நல்லது.

டவுனில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-இல் திருத்தங்கல்லோடு சேர்ந்து சிவகாசி மாநகராட்சியானது. சுற்றியுள்ள ஆனையூர், விஸ்வநத்தம், சித்துராஜபுரம் போன்ற ஊராட்சிகளும் ஒருநாள் நகரத்துக்குள் வந்தால், ஊரக வீட்டுத் திட்டங்களும் ஊரக வேலைத் திட்டமும் கிராம சபையும் அங்கே முடிந்துபோகும். நகர்ப்புறத் திட்டத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். கிராம சபைக்குப் பதில் வார்டில் பகுதி சபை, தமிழ்நாட்டில் முதன்முதலாக 2022 நவம்பர் 1-ஆம் தேதி கூடியது. இணைப்பு அறிவிப்பு வந்தால் ஆட்சேபம் சொல்லத் தரும் கால அவகாசத்தில், “நிலுவையில் உள்ள வீட்டுப் பயனாளிகளின் கதி என்ன?” என்று கேட்டு மனுக்கொடுங்கள். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நகருக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கும்போதும் மக்கள் கருத்துச் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் உண்டு. ஆலைப் பகுதி எது, குடியிருப்புப் பகுதி எது என்று கோடு போடுவது அந்த வரைபடத்தில்தான். ரியல் எஸ்டேட்காரர்கள் அதைத் தவறாமல் பார்க்கிறார்கள். தொழிற்சங்கங்களும் பார்க்க வேண்டும்.

கடைசியாக மறுபடியும் கிராம சபைக்கு வருவோம். தேசிய விடுமுறையில் சேராத மீதி இரண்டு கிராம சபை நாட்களான மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் ஆலைகளுக்கு வேலை நாட்கள். அந்த இரண்டு நாளும் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குக் கூலியோடு அரைநாள் விடுமுறை தர மாவட்ட நிர்வாகம் உரிமையாளர் சங்கங்களோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். வருஷத்துக்கு மொத்தம் ஒரு நாள் கூலிதான் ஆகும். அடுத்த கிராம சபையிலேயே இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.