1859-இல் தொடங்கியவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த ஆண்டுகளுள் 1859-க்குத் தனி இடம் உண்டு. கடல் வணிகம், எரிபொருள், போர்க்கள மருத்துவம், வானியல், உயிரியல் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துறைகளில் பெரிய மாற்றங்கள் அந்த ஓராண்டில் தொடங்கின.

ஏப்ரல் 25 அன்று எகிப்தின் மத்தியதரைக் கடற்கரையில் சூயஸ் கால்வாய் வெட்டும் பணி தொடங்கியது. பிரெஞ்சுக்காரரான ஃபெர்டினான்ட் டி லெசெப்ஸ் நிறுவிய கம்பெனி அதை நடத்தியது. இந்தியாவுக்கான குறுக்குவழி பிரான்சின் பிடிக்குள் போய்விடும் என்று அஞ்சிய பிரிட்டன் அதை எதிர்த்தது. தொடக்கத்தில் எகிப்திய உழவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார்கள். பிறகு தூர்வாரும் இயந்திரங்கள் வந்தன. 1869 நவம்பரில் கால்வாய் திறக்கப்பட்டதும், ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டிய தேவை நீங்கியது. எதிர்த்து நின்ற பிரிட்டனே 1875-இல் எகிப்து ஆட்சியாளரின் பங்குகளை 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

அதே ஏப்ரலில் வட இத்தாலியில் போர் மூண்டது. லொம்பார்டியும் வெனிஸும் அப்போது ஆஸ்திரியாவின் வசம் இருந்தன. அவற்றை மீட்க விரும்பிய சார்டீனிய அரசு, பிரான்சின் மூன்றாம் நெப்போலியனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. ஜூன் 24 அன்று சோல்ஃபெரினோவில் இரு தரப்பிலுமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மோதினார்கள். போரின் முடிவில் லொம்பார்டி சார்டீனியாவின் கைக்கு வந்தது. 1861-இல் இத்தாலிய முடியரசு பிறந்தது.

சோல்ஃபெரினோவுக்கு அருகே, காயம்பட்டவர்கள் கவனிப்பாரின்றிக் கிடந்ததை ஜெனீவா வணிகர் ஆன்ரி டூனான் நேரில் கண்டார். ஊர்ப் பெண்களைத் திரட்டி, எந்த நாட்டு வீரர் என்று பாராமல் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். அந்த அனுபவத்தை 1862-இல் நூலாக வெளியிட்டார். அதன் விளைவாக 1863-இல் செஞ்சிலுவை அமைப்பும், 1864-இல் முதல் ஜெனீவா ஒப்பந்தமும் உருவாயின.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில் என்ற ஊரருகே ஆகஸ்ட் 27 அன்று எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் சுமார் 69 அடி ஆழத்தில் எண்ணெய் கிடைத்தது. துளையின் பக்கங்கள் சரிந்து விழாமலிருக்க அவர் இரும்புக் குழாயை இறக்கி, அதற்குள் துளையிட்டார். விளக்கெரிக்க உதவிய திமிங்கில எண்ணெய் விலையேறியிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் விரைவில் அதன் இடத்தைப் பிடித்தது.

செப்டம்பர் 1 அன்று ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்டு காரிங்டன் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றின் நடுவே வெண்ணிற ஒளி சில நிமிடங்கள் பளீரிட்டது. ஒரு நாள் முடிவதற்குள் பூமியைக் காந்தப் புயல் தாக்கியது. துருவ ஒளி கரீபியப் பகுதி வரை தெரிந்தது. மின்கலத்தைக் கழற்றிய பிறகும் சில தந்திக் கம்பிகளில் செய்தி ஓடியது. பம்பாயின் கொலாபா ஆய்வகக் கருவிகளும் அப்புயலைப் பதிவு செய்தன. அந்த இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் இயற்பியலாளர் கிர்ச்சாஃப், சூரிய நிறமாலையின் கருங்கோடுகளைக் கொண்டு அங்கே சோடியம் இருப்பதைக் காட்டினார்.

நவம்பர் 24 அன்று சார்லஸ் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ லண்டனில் வெளிவந்தது. இருபது ஆண்டுகளாக அவர் சேர்த்துவைத்த கருத்தையே ஆல்ஃபிரெட் வாலஸும் எட்டியிருந்தார். 1858-இல் அவரிடமிருந்து வந்த கடிதம்தான் டார்வினை விரைந்து எழுதவைத்தது. சூழலுக்கு ஏற்ற சிறு வேறுபாடுகள் கொண்டவை பிழைத்துப் பெருக, காலப்போக்கில் புதிய இனங்கள் உருவாகின்றன என்பது அந்நூலின் சாரம்.

அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுன், அக்டோபர் 16 அன்று வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் அரசின் படைக்கலச் சாலையைச் சிறு குழுவுடன் கைப்பற்றினார். இரண்டே நாளில் பிடிபட்ட அவர் டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார். வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலிருந்த பகை அதனால் முற்றியது. 1861-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. போரால் அமெரிக்கப் பருத்தி வராததால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாய் வணிகர்கள் பெரும் பணம் ஈட்டினார்கள். 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்து அங்கே பல கம்பெனிகள் நொடித்தன. அதே ஆண்டில் அமெரிக்க அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.