'செட்'... மூன்றே எழுத்துக்கு 430 அர்த்தங்கள்!

சேலத்தில் தட்டுவடை செட். ஹோட்டலில் செட் தோசை. வயலில் பம்ப்செட். ஷூட்டிங்கில் சினிமா செட். 'நாங்க எல்லாரும் ஒரே செட்' என்கிறது நண்பர்கள் கூட்டம். 'இந்த ஹேர்ஸ்டைல் எனக்கு செட் ஆகலை' என்கிறார் கண்ணாடி முன்னால் நிற்கும் மகள். 'எனக்கு இங்கிலீஷே வராது' என்பவர்கள்கூட தினமும் சொல்லும் ஆங்கிலச் சொல் இது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் ஆட்டம் இன்னும் பெரிது. 1989-ல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள் தருகிறது. விளக்கமே சுமார் 60,000 வார்த்தைகள்! பின்னாளில் 'ரன்' 645 பொருள்களோடு அதை முந்திக்கொண்டது.

இத்தனை அர்த்தம் எங்கிருந்து வந்தது?

உண்மையில் இவை இரண்டு சொற்கள். கூட்டம், தொகுப்பு என்று பொருள் தரும் 'செட்', லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வினைச்சொல்லான 'செட்' பழைய ஆங்கிலச் சொல். 'சிட்' என்றால் உட்கார். 'செட்' என்றால் உட்கார வை. அவ்வளவுதான்!

இந்த 'வை'யைப் பிடித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். தீ வைப்பது, பொறி வைப்பது, அலாரம் வைப்பது, ஒதுக்கி வைப்பது... எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'செட்'தான். நம் 'வை' மட்டும் லேசா? குழம்பு வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம், பெயர் வைக்கிறோம், போனை வைக்கிறோம், பாசம் வைக்கிறோம். இதற்கெல்லாம் நாம் அகராதியைப் புரட்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லே அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்திலும் அதே கதைதான். சூரியன் 'செட்' ஆனால் அஸ்தமனம். ஜெல்லி 'செட்' ஆனால் உறைந்துவிட்டது. 'செட் ஆஃப்' என்றால் கிளம்புவது, 'செட் அப்' என்றால் அமைப்பது. எனவே, பிள்ளைகளுக்குத் தனிச்சொல்லையும் அர்த்தத்தையும் மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். துணைச்சொல்லோடு சேர்த்து, ஒரு சின்ன வாக்கியமாகச் சொல்லிக் கொடுங்கள். இறந்தகாலத்திலும் 'செட்', 'செட்'தான். 'செட்டட்' ஆகாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை!

'எனக்கு செட் ஆகலை' என்பது நாம் உருவாக்கிக்கொண்ட வழக்கு. 'பொருந்தவில்லை' என்ற அர்த்தத்தில் இதை இன்டர்வியூவில் அப்படியே ஆங்கிலமாக்கி, 'நாட் செட் ஃபார் மீ' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் விழிப்பார். அங்கே சொல்ல வேண்டியது, 'டஸ் நாட் சூட் மீ'.

வீட்டில் மட்டும் தாராளமாகச் சொல்லுங்கள். 'செட் ஆகலை' என்று சொன்னால் பாட்டிக்கும் புரியும், பேத்திக்கும் புரியும்!