கண்ணாடி இழையா, செப்புக் கம்பியா?

ஆஸ்திரேலியாவில் சர்க்கார் மேற்கொண்ட ஒரு பெரும் பணியைக் குறித்து, அந்நாட்டின் இரு பெரும் கட்சிகள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓயாமல் வழக்காடி வந்திருக்கின்றன. நகரத்து மாளிகை முதல் வனாந்தரத்தில் தனித்து நிற்கும் ஆட்டுப் பண்ணை வரை, எல்லா வீடுகளுக்கும் வேகமான இணையத் தொடர்பு அளிப்பதே அப்பணி. தறிக்கும் ஏருக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று நம் அங்கத்தினர்கள் கேட்கலாம். பொதுப் பணத்தில் எழுப்பும் பொருளை எத்தரத்தில் எழுப்புவது? தலைமடையில் இருப்பவனுக்கும் கடைமடையில் இருப்பவனுக்கும் ஒரே விலையா? நிர்வாகம் கைமாறினால் நடந்து கொண்டிருக்கும் வேலையின் கதி என்ன? சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் நமக்கு இவை அன்றாடம் எதிர்ப்படும் கேள்விகள்.

முன்கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் டெலிபோன் கம்பிகள் ஒரு காலத்தில் சர்க்காருக்குச் சொந்தமாயிருந்தன. அக்கம்பிகளின் வாரிசான டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் பங்குகளை, லிபரல் கட்சியும் நாட்டுப்புற மக்களின் ஆதரவு பெற்ற நேஷனல் கட்சியும் சேர்ந்த கூட்டணி சர்க்கார் 1997, 1999, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று தவணையாக விற்றது. விற்றதைக்கூட ஒருவாறு ஒப்புக் கொள்ளலாம். கம்பியையும், அக்கம்பி வழியே சில்லறை வியாபாரம் நடத்தும் கடையையும் பிரிக்காமல் சேர்த்தே விற்றதுதான் பின்னர் விளைந்த தொல்லைகளுக்கு வித்தாயிற்று. போட்டிக் கம்பெனிகள் தம் எதிராளியிடமே சென்று கம்பியை வாடகைக்குக் கேட்க வேண்டியிருந்தது. நூல் மண்டி வைத்திருப்பவரே பக்கத்தில் ஜவுளிக் கடையும் நடத்தினால், எதிர்க்கடைக்காரருக்கு நூல் என்ன விலையில், எந்த நாளில் கிடைக்கும் என்பதை நம் நெசவாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2007 நவம்பரில் தொழிற்கட்சி வெற்றி பெற்றது. பிரதம மந்திரி கெவின் ரட் முதலில் உத்தேசித்தது சிக்கனமான திட்டமே. சர்க்கார் 470 கோடி டாலர் வரை அளிக்கும். ஒரு தனியார் கம்பெனி மீதியைப் போட்டுத் தெருமுனை வரை கண்ணாடி இழை கொண்டு வரும். டெண்டர் கோரினார்கள். டெல்ஸ்ட்ரா அனுப்பியது நிபந்தனைகளுக்கு உட்படவில்லையென்று 2008 டிசம்பரில் தள்ளப்பட்டது, மற்றவையும் ஏற்கப்படவில்லை. 2009 ஏப்ரல் 7-ஆம் தேதி ரட்டும் அவருடைய மந்திரி ஸ்டீபன் கன்ராயும் திட்டத்தையே மாற்றி அறிவித்தனர். சர்க்காரே ஒரு கம்பெனி தொடங்கும். நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளுக்கு வாசல் வரை கண்ணாடி இழையே செல்லும். எஞ்சியவற்றுக்கு வானலையும் செயற்கைக் கோளும். காலம் எட்டு ஆண்டுகள். செலவு 4,300 கோடி டாலர் வரை. கம்பெனி மொத்த வியாபாரத்தோடு நின்று கொள்ளும், சில்லறையில் இறங்காது. மண்டியும் கடையும் இவ்வாறு பிரிக்கப்பட்டன.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் இவ்விஷயம் ஒரு சர்க்காரின் தலைவிதியையே தீர்மானித்தது. 150 இடங்கள் கொண்ட சபையில் இரு தரப்புக்கும் தலைக்கு 72 இடங்கள்தாம் கிடைத்தன. பதினேழு நாள் பேச்சுக்குப் பின், நாட்டுப்புறத் தொகுதிகளிலிருந்து வந்த சுயேச்சைகளான டோனி வின்ட்சரும் ராப் ஓக்ஷாட்டும் ஜூலியா கில்லார்டின் தொழிற்கட்சியை ஆதரித்தனர். இழைத் திட்டம் தம் முடிவுக்கு ஒரு முக்கிய காரணம் என்று வின்ட்சர் வெளிப்படையாகவே கூறினார். அவர் ஒரு விவசாயி. மொத்த விலை நாடெங்கும் ஒன்றாயிருக்க வேண்டும், நாட்டுப்புறத்துக்கு முன்னுரிமை வேண்டும் என்பவை அவர்கள் பெற்ற உறுதிகள். சிட்னி நகரத்து வீட்டுக்கும் தொலைதூரச் சிற்றூருக்கும் ஒரே விலை என்றால், இழை போடும் செலவு குறைந்த இடத்து லாபம், செலவு மிகுந்த இடத்து நஷ்டத்தைத் தாங்கும் என்பதே பொருள்.

எதிர்த் தரப்பின் வாதத்தை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். இவ்வளவு பெரிய தொகையைப் போடுமுன் வரவையும் செலவையும் ஒப்பிடும் முறையான ஆராய்ச்சி ஒன்றும் செய்யப்படவில்லை என்று அவர்கள் சொன்னது உண்மை. நம் சங்கங்களில் ஒரு கிடங்கு கட்டுவதாயினும் அத்தகைய குறிப்பின்றி நாம் கையொப்பமிடுவதில்லை. வேலையும் குறித்த கெடுவுக்குப் பின்தங்கியே நடந்தது. 2013-ல் பழைய டெலிபோன் குழிகளில் ஆஸ்பெஸ்டாஸ் தென்பட்டு வேலை நிறுத்தப்பட்டது. நகரங்களில் ஏற்கெனவே கேபிள் டெலிவிஷன் கம்பிகள் இருக்கையில் மேலும் ஏன் தோண்ட வேண்டும் என்றும் கேட்டார்கள்.

2013 ஏப்ரலில் கூட்டணித் தலைவர் டோனி அபட்டும் மால்கம் டர்ன்புல்லும் மாற்றுத் திட்டம் வெளியிட்டனர். கண்ணாடி இழை தெருப்பெட்டி வரை வந்தால் போதும். அங்கிருந்து வீடு வரை பழைய செப்புக் கம்பியே உதவும். செலவு 2,950 கோடி டாலர். 2016 முடிவதற்குள் எல்லோருக்கும் விநாடிக்கு 25 மெகாபிட் வேகம். செப்டம்பரில் அவர்களே பதவிக்கு வந்தனர்.

இங்கே செப்புக் கம்பியின் சுபாவத்தை அறிந்து கொள்வது அவசியம். கண்ணாடி இழையில் செய்தி ஒளியாகச் செல்கிறது. பல கிலோமீட்டர் போனாலும் அதன் வலு பெரிதும் குன்றுவதில்லை. செம்பில் மின்சாரமாகச் செல்கிறது. தூரம் கூடக் கூட வேகம் குறையும். மண் வாய்க்காலில் விட்ட தண்ணீரைப் போல என்று வைத்துக் கொள்ளலாம். தெருப்பெட்டிக்கு அருகில் இருப்பவருக்கு மடை நிறையக் கிடைக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஈரம் மட்டுமே வந்து சேரும். இணைப்புகளில் மழைநீர் புகுந்தால் அதுவும் தடைப்படும். ஒரே தெருவில், ஒரே கட்டணம் செலுத்தும் இரு வீடுகளுக்கு இரு வேறு வேகம் கிடைப்பது இதனால்தான்.

மாற்றுத் திட்டத்தின் கணக்கும் நிலைக்கவில்லை. பதவியேற்ற சில மாதங்களில், 2013 டிசம்பரில் வெளிவந்த மறுபரிசீலனையே செலவை 4,100 கோடியாக உயர்த்தியது. 2016 என்ற கெடு கைவிடப்பட்டது. ஆப்டஸ் கம்பெனியின் கேபிள் உதவாது என்று 2016-ல் ஒதுக்கப்பட்டது. பழைய கம்பி போதும் என்று தொடங்கிய திட்டத்துக்காக 1,800 கிலோமீட்டர் புதிய செப்புக் கம்பி, 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கியதாக 2015-ல் பார்லிமெண்டுக் கமிட்டி முன் ஒப்புக் கொண்டார்கள். 2020 டிசம்பரில் பணி முடிந்ததென மந்திரி அறிவித்தபோது செலவு 5,100 கோடி அளவுக்கு ஏறியிருந்தது. முழுதும் கண்ணாடி இழையே போட்டிருந்தால் 7,300 கோடி ஆகியிருக்கும் என்பது கூட்டணியின் மறுமொழி. தொழிற்கட்சி அதை ஏற்கவில்லை. நடவாத வேலையின் பில்லை எந்தத் தணிக்கையாளரும் சரிபார்க்க முடியாது. ஆனால் 2020-ல் கொள்ளை நோயால் நாடே வீட்டிலிருந்து வேலை செய்ய நேர்ந்தபோது, எப்படியோ ஒரு தொடர்பு பெரும்பாலான வீடுகளை எட்டியிருந்தது என்ற அவர்கள் வாதத்துக்கு மதிப்புண்டு.

நம்மைத் திகைக்க வைப்பது அதே ஆண்டு செப்டம்பரில் நடந்ததாகும். செம்பே போதும் என்ற அதே கூட்டணி சர்க்கார், தெருப்பெட்டியிலிருந்து வீட்டுக்குக் கண்ணாடி இழை கொண்டு செல்ல 350 கோடி டாலர் திட்டம் அறிவித்தது. 2022-ல் திரும்பி வந்த தொழிற்கட்சி மேலும் 15 லட்சம் இடங்களுக்கு 240 கோடி ஒதுக்கியது. 2025 ஜனவரியில், எஞ்சிய 6 லட்சத்து 22 ஆயிரம் இடங்களுக்கு 300 கோடி வரை அளிப்பதாகவும், 2030-க்குள் முடிப்பதாகவும் அறிவித்தது. ஒரே வீட்டுக்கு இருமுறை செலவு.

நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில், பழைய நிர்வாகக் கமிட்டி மாடி எழுப்பும் உத்தேசத்துடன் அஸ்திவாரம் போட்டது. புதிய கமிட்டி அது வீண் செலவென்று ஓடு வேய்ந்தது. நான்காம் ஆண்டில் இடம் போதாமல் ஓட்டைப் பிரித்தார்கள். மினிட் புத்தகத்தில் மூன்று தீர்மானங்களும் ஏகமனதாகவே நிறைவேறியிருந்தன! ஆஸ்திரேலியக் கணக்கைப் படிக்கையில் அந்த மினிட் புத்தகமே நினைவுக்கு வந்தது.

நம் அபிப்பிராயம் இதுதான். ஆராயாமல் தொடங்கியது தொழிற்கட்சியின் பிழை. எனினும் வாசல் வரை இழை என்ற முடிவு பொருளின் குணத்தை அறிந்து செய்த முடிவு. அதைப் பாதியில் மாற்றியவர்கள் மிச்சப்படுத்தியதாகச் சொன்ன பணம் மிச்சப்படவில்லை. 2014-ல் கூட்டணி சர்க்கார் நியமித்த குழுவின் ஆராய்ச்சி, 2023-ல் நடுத்தர வீட்டுக்கு 15 மெகாபிட் போதும் என்று மதிப்பிட்டது. இன்றைய தேவையை அளந்து நாளைய வாய்க்காலை வெட்டியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வின்ட்சர் பெற்றுத் தந்த ஒரே விலை மட்டும் இத்தனை மாறுதல்களிலும் தப்பியது. அதன் நஷ்டத்தை ஈடு செய்ய, 2021 ஜனவரி முதல், கம்பி வழியே வேகத் தொடர்பு தரும் கம்பெனிகள் இணைப்பு ஒன்றுக்கு மாதம் 7 டாலர் 10 சென்ட் செலுத்த வேண்டுமென்று சட்டம் விதித்தது. தொலைதூரப் பண்ணைகளுக்காக 2015, 2016-ஆம் ஆண்டுகளில் சர்க்கார் கம்பெனி இரண்டு செயற்கைக் கோள்களை ஏவியிருந்தது. ஆனால் 2021 முதல் ஸ்டார்லிங்க் என்ற தனியார் சேவை அங்கே வந்து, அப்பண்ணைக்காரர்களை ஒவ்வொருவராக இழுத்துக் கொள்ளத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் சர்க்கார் கம்பெனியும் தன் கோள்களுக்குப் பதிலாக அமேசான் கம்பெனியின் செயற்கைக் கோள்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்து கொண்டது. மேற்படி வரியோ கம்பி வழியே விற்பவருக்கு மட்டும்தான். வானத்திலிருந்து விற்பவருக்கு இல்லை.