செங்குவா கோழிக் கிண்ணம்

செங்குவா கோழிக் கிண்ணம் என்பது, சீனாவின் மிங் வம்சத்தைச் சேர்ந்த செங்குவா பேரரசரின் ஆட்சிக்காலத்தில் (1465 - 1487) அரச சூளையில் செய்யப்பட்ட சிறிய பீங்கான் மதுக் கிண்ண வகை ஆகும். சேவலும் பெட்டைக் கோழியும் குஞ்சுகளுடன் இரை தேடும் காட்சி இதன் வெளிப்புறத்தில் தீட்டப்பட்டிருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இவ்வகைக் கிண்ணங்களுள் ஒன்றை 2014 ஏப்ரல் 8 ஆம் நாள் ஹொங்கொங்கில் நடைபெற்ற ஏலத்தில் சாங்காயைச் சேர்ந்த சேகரிப்பாளரான லியு யிச்சியான் 28.124 கோடி ஹொங்கொங் டாலருக்கு, அதாவது ஏறத்தாழ 3.6 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கினார். அதுவரை ஏலத்தில் விற்கப்பட்ட சீனப் பீங்கான் பொருட்களுள் மிகக் கூடிய விலை பெற்றது இதுவே.

அமைப்பு

கிண்ணத்தின் வாய் விட்டம் சுமார் 8 சென்டிமீட்டர் மட்டுமே. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவினது. சுவர் மெல்லியது, பூச்சு வழுவழுப்பாகவும் சற்றே மங்கிய வெண்மையாகவும் இருக்கும். கோழிக் குடும்பத்தைக் காட்டும் இரண்டு காட்சிகளுக்கு இடையில் பாறைகளும் பூச்செடிகளும் வரையப்பட்டுள்ளன. கோழிகள் அரண்மனைக் கலைக்கு வழக்கமான மிடுக்குடன் அல்லாமல், வீட்டு முற்றத்தில் காணப்படுவன போல இயல்பாக உள்ளன. அடிப்பகுதியில், சதுரக் கட்டத்துக்குள், மாபெரும் மிங் வம்சத்தின் செங்குவா ஆண்டுகளில் செய்யப்பட்டது எனப் பொருள்படும் ஆறு சீன எழுத்துக்கள் நீல நிறத்தில் எழுதப்பட்டிருக்கும்.

செய்முறை

இக்கிண்ணங்கள் சீனாவின் சியாங்சி மாகாணத்திலுள்ள ஜிங்டெசென் நகரில் செய்யப்பட்டவை. இவற்றில் கையாளப்பட்ட முறை தௌத்சாய் எனப்படுகின்றது. முதலில், சுடப்படாத கிண்ணத்தின் மீது கோபால்ட்டு நீலத்தால் உருவங்களின் புறக்கோடுகள் மட்டும் வரையப்படும். அதன்மேல் ஒளி ஊடுருவும் பூச்சைக் கொடுத்துச் சுமார் 1300 பாகை செல்சியசு வெப்பநிலையில் சுடுவர். பின்னர் அக்கோடுகளுக்குள் சிவப்பு, பச்சை, மஞ்சள் முதலிய நிறங்களை நிரப்பி, குறைந்த வெப்பத்தில் இரண்டாம் முறை சுடுவர். நீலக் கோடு பூச்சின் அடியிலும், நிறங்கள் பூச்சின் மேலும் அமைகின்றன. இரண்டு சூட்டிலும் பிழைக்காத கிண்ணம் பயன்படாது. எனவே செய்யத் தொடங்கியவற்றுள் ஒரு பகுதியே அரண்மனையைச் சென்றடைந்தது.

அருமைக்கான காரணங்கள்

உலகில் இன்று எஞ்சியிருப்பனவாக அறியப்படும் செங்குவா கோழிக் கிண்ணங்கள் சுமார் இருபது மட்டுமே. இவற்றுட் பெரும்பாலானவை தாய்ப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகம் உள்ளிட்ட அருங்காட்சியகங்களில் உள்ளன. அருங்காட்சியகத்துக்குள் சென்ற பொருள் சந்தைக்குத் திரும்புவது அரிது. 2014 ஆம் ஆண்டு ஏலத்தின்போது நான்கு கிண்ணங்களே தனியார் வசம் இருந்ததாக ஏல நிறுவனமான சோதபீஸ் தெரிவித்தது.

எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருப்பதற்கு உடைவு மட்டும் காரணம் அல்ல. அரச சூளையில் செய்த பொருட்களில் சிறு குறை காணப்பட்டாலும் அவற்றை வெளியே விற்க விடாமல் உடைத்துப் புதைத்துவிடுவது அக்கால வழக்கம். ஜிங்டெசெனில் சூளை இருந்த இடத்தில் 1980களில் நடந்த அகழ்வுகளில் செங்குவா காலத்து உடைந்த ஓடுகள் பெருமளவில் கிடைத்தன. ஓடுகளை ஒட்டி முழுமையாக்கப்பட்ட கலங்களும் உள்ளன. எனினும் சேகரிப்பாளர்களின் சந்தையில் அவற்றுக்கும் உடையாத கிண்ணத்துக்கும் ஒப்பீடே இல்லை.

இக்கிண்ணத்தின் விலை உயர்வு இக்காலத்துப் புதுமை எனக் கருதுவது தவறு. செய்யப்பட்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகளே கழிந்திருந்த வான்லி பேரரசர் காலத்திலேயே, ஓர் இணை செங்குவாக் கிண்ணம் ஒரு இலட்சம் செப்புக் காசு பெறும் என எழுதி வைத்துள்ளனர். சிங் வம்சத்துப் பேரரசர்களும் இவற்றை விரும்பினர். சியான்லோங் பேரரசர் கோழிக் கிண்ணத்தைப் பற்றிக் கவிதையே இயற்றியுள்ளார். காங்சி காலம் தொடக்கம் இவற்றைப் பார்த்துப் பல படிகள் செய்யப்பட்டன. அப்படிகளே இன்று மதிப்புள்ள பழம்பொருட்கள் ஆகிவிட்டன.

கைமாறிய வரலாறு

ஏலத்தில் பழம்பொருள் ஒன்றின் விலையை நிர்ணயிப்பதில் அதன் அழகுக்கு நிகராக, அது யார் யார் கைகளில் இருந்தது என்ற பதிவும் முக்கிய இடம் பெறுகின்றது. தொடர்ச்சியான பதிவு, பொருள் போலியானதோ திருடப்பட்டதோ அல்ல என்பதற்கு ஒரு சான்றாகக் கொள்ளப்படுகின்றது. லியு வாங்கிய கிண்ணம் 1999 ஆம் ஆண்டில் ஹொங்கொங் சோதபீஸ் ஏலத்தில் 2.917 கோடி ஹொங்கொங் டாலருக்கு விலைபோனது. அதனை எடுத்தவர் இலண்டன் வணிகர் கியூசெப்பே எஸ்கனாசி. அவரிடமிருந்து அது, சூலிக் சகோதரர்கள் என்னும் சுவிட்சர்லாந்து வணிகக் குடும்பத்தினரின் மெய்யின்டாங் சேகரிப்பைச் சென்றடைந்தது. பதினைந்து ஆண்டுகளில் விலை ஒன்பது மடங்குக்கும் மேலாகியது.

2014 ஆம் ஆண்டு ஏலத்தில் சுத்தியல் தட்டப்பட்ட விலை 25 கோடி ஹொங்கொங் டாலர் ஆகும். மீதி 3.124 கோடி, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குச் செலுத்தும் கட்டணம். செய்தித்தாள்களில் வரும் சாதனை விலைகள் பெரும்பாலும் இக்கட்டணத்தையும் சேர்த்தவை. விற்றவர் கைக்குப் போவது அத்தொகை அல்ல. முந்தைய சாதனை, 2010 ஆம் ஆண்டில் 25.266 கோடி ஹொங்கொங் டாலருக்கு விற்ற சியான்லோங் காலத்துப் பூச்சாடி ஒன்றுக்கு உரியது.

சுத்தியல் தட்டியதால் மட்டும் விற்பனை முடிந்துவிடுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2010 நவம்பரில் இலண்டன் புறநகர் ஒன்றின் சிறிய ஏலக்கூடத்தில் மற்றொரு சியான்லோங் பூச்சாடி 4.3 கோடி பவுண்டுக்குக் கேட்கப்பட்டது. ஆனால் கேட்டவர் பணம் செலுத்தவில்லை. 2013 ஆம் ஆண்டில் அது வேறொருவருக்குத் தனிப்பட்ட முறையில், வெளியிடப்படாத விலைக்கு விற்கப்பட்டது.

வாங்கியவரும் தேநீரும்

லியு யிச்சியான் 1963 ஆம் ஆண்டு சாங்காயில் பிறந்தவர். கைப்பை செய்து விற்றும், வாடகை மகிழுந்து ஓட்டியும் வாழ்ந்த இவர், பின்னர் பங்குச் சந்தை முதலீட்டில் பெருஞ்செல்வம் ஈட்டினார். மனைவி வாங் வெயியுடன் சேர்ந்து சாங்காயில் லோங் அருங்காட்சியகத்தை 2012 இல் நிறுவினார். பழம்பொருள் வாங்குவோர் பலர் பெயரை மறைத்துத் தொலைபேசி வழியாகக் கேட்பதே வழக்கம். லியுவோ தாம் வாங்கியதையும் கொடுத்த விலையையும் வெளிப்படையாகக் கூறுபவர்.

2014 ஜூலையில் அவர் கிண்ணத்துக்கான தொகையைத் தமது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கடனட்டையை 24 முறை தேய்த்துச் செலுத்தினார். இதனால் கோடிக்கணக்கான வெகுமதிப் புள்ளிகள் அவர் கணக்கில் சேர்ந்தன. கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டபின் அதில் தேநீர் ஊற்றிக் குடித்தார். இந்தப் படம் வெளியானதும் சீனாவில் கடும் விமர்சனம் எழுந்தது. ஐந்நூறு ஆண்டுப் பழமையான பொருளைப் பணத்திமிரால் அவமதித்துவிட்டார் என்றனர் சிலர். பேரரசர்கள் குடித்த கிண்ணத்தில் தாமும் ஒருமுறை குடித்துப் பார்க்க விரும்பியதாக லியு விளக்கம் அளித்தார். நன்கு சுடப்பட்ட பீங்கானுக்குத் தேநீரால் தீங்கு நேர்வதில்லை. கை தவறுவதே ஆபத்து. மேலும், இது குடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பாத்திரம். ஆனால் உடைந்தால் ஈடு செய்ய இயலாத ஒன்றைப் பணம் கொடுத்தவர் தம் விருப்பப்படி கையாளலாமா என்ற கேள்விக்கு இவ்விளக்கம் விடை ஆகாது. கிண்ணம் பின்னர் லோங் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

லியுவின் கொள்முதல்கள் எல்லாம் ஐயத்துக்கு அப்பாற்பட்டவையும் அல்ல. 2013 செப்டெம்பரில் நியூயார்க்கில் அவர் 82 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய, சொங் வம்சக் கவிஞர் சூ சியின் கையெழுத்துச் சுருள் போலியானது எனச் சாங்காய் அருங்காட்சியக ஆய்வாளர் மூவர் அவ்வாண்டு இறுதியில் கூறினர். விற்ற சோதபீஸ் நிறுவனம் அது உண்மையானதே என்றது. லியு சேகரிப்பதை நிறுத்தவில்லை. 2014 நவம்பரில், 15 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திபெத்தியப் பட்டுத் திரைச்சீலை ஒன்றை 34.8 கோடி ஹொங்கொங் டாலருக்கு வாங்கினார். விலையில் அது கோழிக் கிண்ணத்தையும் விஞ்சியது.

சீனப் பீங்கானுக்கான சாதனை 2017 அக்டோபரில் முறியடிக்கப்பட்டது. ஹொங்கொங் சோதபீஸ் ஏலத்தில், வட சொங் காலத்து ரு சூளையில் செய்யப்பட்ட, 13 சென்டிமீட்டர் விட்டமுள்ள தூரிகை கழுவும் தட்டு ஒன்று 29.43 கோடி ஹொங்கொங் டாலருக்கு விற்கப்பட்டது.